அடைப்பிரதமனும் என் ஆழ்ந்த மூச்சும்

மக்களே, விசேஷ வீட்டுப் பந்தியில் நான் போய் உட்கார்ந்ததும் யாராவது "பாயசத்தை மூடுங்கோ!" என்று கத்துவதும், எல்லோரும் சிரிப்பதும் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் அம்மா சொன்னால் ஒன்றை மூன்றாக்கிச் சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

உங்கள் சித்தி கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு எனக்கு நுரையீரல் பைத்தியம் பிடித்திருந்தது. தக்கலையில் இலவச மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். (படிப்பில் வாங்காத நல்ல பெயரை மூச்சு விடுவதில் வாங்கினேன்.) காலையில் குளக்கரையில் நடை, ராத்திரி நொச்சி இலை போட்டு ஆவி. பஸ் ஸ்டாண்டில் பீடி குடிப்பவர்களிடம் நுரையீரலின் அருமையைச் சொல்வேன். அவர்கள் தங்கள் ஊருக்குப் போகாத பஸ்ஸில்கூட ஏறிப் போய்விடுவார்கள்.

கல்யாணத்தன்று தாத்தா என்னைக் கூப்பிட்டார். "மருமவனே, மாப்பிள வீட்டுக்காரங்க அடப்பிரதமனுக்குன்னே வாரவங்க. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்கோ. நம்ம மானம் உங்க கையில."

ஆக்குப்புரையில் (சமையல் கொட்டகைதான்) அரிசி அடையை வெல்லத்திலும் தேங்காய்ப்பாலிலும் காய்ச்சிய அந்தப் பிரதமன் பாயசம் பெரிய உருளியில் தயாராக இருந்தது. பக்கத்து அடுப்பில் ஈர விறகு புகைந்தது. சமையல்கார அண்ணாச்சி இருமினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. குழலத் தாங்கோ, ஒரே ஊதுல தீ பிடிக்க வைக்கேன்."

"ஓய், மெல்ல ஊதணும்."

"வகுப்புல பஸ்டு நான்!"

ஊதுகுழலை வாயில் வைத்தேன். வகுப்பில் சொன்னபடி கண்ணை மூடி, அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்தேன். குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இழுக்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தரவில்லை. (அங்கே ஏது அடுப்பு?) புகை முழுவதும் எனக்குள் குடியேறியது.

"என்ன வே, இளநியா குடிக்கீரு?" என்று அண்ணாச்சி அலறினார்.

அடுத்தது இருமல். மாதக்கணக்கில் வளர்த்த நுரையீரலின் இருமல்! அது குழல் வழியாகவே அடுப்புக்குள் போனது. சாம்பல் குபீரென்று எழும்பி, கூரை வரை போய், சற்று யோசித்து, பிரதமனில் இறங்கியது.

தாத்தா ஓடி வந்தார். உருளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

அதற்குள் முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. அண்ணாச்சி பாலும் சேமியாவும் வரவழைத்து, மளமளவென்று ஒரு பாயசம் காய்ச்சி மானத்தைக் காப்பாற்றினார். புது மாப்பிள்ளையான உங்கள் சித்தப்பா மட்டும், "பிரதமன் எங்க?" என்று கேட்டுவிட்டார்.

அம்மா என்னைக் காட்டினாள். "அன்னா நிக்காரு பாருங்கோ. அதக் குடிச்ச நுரையீரலு."

சித்தி கழுத்து மாலை உதிர உதிரச் சிரித்தாள்.

சாயங்காலம் ஆக்குப்புரை காலியானதும் நான் மட்டும் உள்ளே போனேன். ஓர் அடுப்பில் கொஞ்சம் கங்கு மிச்சமிருந்தது. குழலைக் கழுவி எடுத்தேன். வயல் பக்கம் முகத்தைத் திருப்பி, நெஞ்சு நிறைய நல்ல காற்றை இழுத்தேன். அப்புறம்தான் குழலை வாயில் வைத்தேன். மெல்ல ஊதினேன். கங்கு சிவந்தது.