செவலைப் பசு ஓடிய ஓட்டம்

ஒரு காட்டில், நல்ல புல்தரையைக் கொத்திப் போட்டு சிமெண்டு பூசி, சடையப்பக் கரடியார் பால் பண்ணை நடத்திவந்தார். அங்கே குடம் நிறையக் கறப்பவள் செவலை என்ற பசு. தரையில் எந்நேரமும் சாணியும் தண்ணீரும் தேங்கி நின்றதில், அவளுடைய பின்னங்கால் குளம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது.

அவள் நொண்டி நொண்டித் தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் மற்ற மாடுகள் தீவனத்தை நக்கித் துடைத்திருக்கும். வயிறு ஒட்டியது. பாலும் குறைந்தது.

"முதலாளி, குளம்பைச் சீவி மருந்து போட்டு, தரையைக் கொஞ்சம் காயவிட்டால் பழையபடி கறப்பேன்" என்றாள் செவலை.

"வீண் செலவு வைக்காதே தாயி. டாக்டரைக் கேட்போம்."

கொக்கு டாக்டர் வந்து, அவள் தூக்கிப் பிடித்த காலைப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு நோயா? ஆயுசு முழுக்க நான் ஒற்றைக் காலில் நின்றுதான் மீன் பிடிக்கிறேன். உனக்கு இன்னும் மூன்று கால் மிச்சம் இருக்கிறதே!" என்றார். பிறகு, நடையை அளந்து செல்போனுக்குச் சொல்லும் கழுத்துப் பட்டை ஒன்றைக் கரடியார் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதன் விலைக்குப் பண்ணை முழுவதற்கும் குளம்பு வைத்தியம் பார்த்திருக்கலாம்.

பட்டை செவலையின் கழுத்தில் ஏறியதும் கரடியாரின் செல்போன், "நொண்டுகிறாள்! நொண்டுகிறாள்!" என்று அலறத் தொடங்கியது. மதியத் தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் கரடியார் பட்டையை அவிழ்த்து, அந்தப் பக்கம் போன முயலின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"அருமை! செவலை துள்ளி ஓடுகிறாள்!" என்றது செல்போன்.

"பார்த்தாயா, குணமாகிவிட்டது" என்றார் கரடியார். செவலைக்கு அழுகையே வந்துவிட்டது.

பால் அடியோடு வற்றியது. கரடியார் அவளைக் கிழட்டுப் புலியாருக்கு விற்கப் பேசினார். புலியார் வந்து நின்றார். செவலைக்கு ஓடவும் காலில்லை.

விலையை ஏற்றும் ஆசையில் கரடியார் செல்போனை நீட்டினார். "நோய்நொடி கிடையாதுங்க. மான் மாதிரி ஓடுவாள், பாருங்க!"

புலியார் எதிரே மூன்று காலில் நின்ற செவலையைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். செல்போனையே நம்பினார்.

"ஐயோ, நான் மூட்டுவலிக்காரன். இந்த ஓட்டக்காரியை எங்கே துரத்துவது? உட்கார்ந்த இடத்திலேயே கொழுத்த உருப்படி ஏதாவது..." என்று இழுத்தவர், கரடியாரையே மேலும் கீழும் பார்த்தார்.

கரடியார் எடுத்த ஓட்டத்தை அளக்க அங்கே பட்டை இல்லை. செவலை மெல்ல நொண்டிப் போய், ஈரமில்லாத புல்லில் காலை நீட்டிப் படுத்தாள்.

நீதி: புண்ணான காலைக் காட்டி அழாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் பட்டை நன்றாக ஓடுகிறவன் கழுத்தில் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.