விளம்பரமில்லாத செபமாலை

முதல் மறையுண்மையின் மூன்றாவது மணியில் பொரித்த கோழி வந்தது.

அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்த பாதிரியாரின் குரல் சட்டென்று நின்றுவிட, கைப்பேசிக்குள்ளிருந்து ஒரு பெண் மலாய் மொழியில் கத்தினாள். மொறுமொறு கோழியாம். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசமாம்.

முட்டி போட்டிருந்த லூர்து மேரி கண்ணைத் திறந்தாள். "என்னங்க இது?"

"விளம்பரம்" என்றான் மோரிஸ்.

"மாதா முன்னாடியா?"

"மாதா நாளன்னைக்குத்தானே வர்றாங்க? இது ஒத்திகைதானே?"

"நாளன்னைக்கும் இந்தக் கோழிக்காரி வந்தா?"

மோரிஸ் மறுபடி ஓடவிட்டான். இரண்டாவது மறையுண்மையில் புதுக் காடி வாங்கக் கடன் வந்தது. மூன்றாவதில் உடம்பை இளைக்கவைக்கும் தேநீர் வந்தது. லூர்து மேரி செபமாலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அக்டோபர் மாதம் முழுக்க மாதா சொரூபம் குருண் தாமான் குடியிருப்பில் ஒவ்வொரு கத்தோலிக்கர் வீடாகப் போகும். பாடாங் மேஹா தோட்டத்தை விட்டு இவர்கள் இங்கே வந்த பிறகு, மாதா இரண்டு வருடம் இவர்கள் வீட்டு வாசலைக் கடந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். "எஸ்டேட்காரங்க, நம்ம முறையெல்லாம் தெரியுமோ என்னமோ" என்று கோவில் வாசலில் யாரோ சொன்னது லூர்து மேரியின் காதில் விழுந்தது. தோட்டத்தில் உர மூட்டை தூக்கிய தோள் அவளுடையது. அதற்கெல்லாம் அவள் கூச்சப்பட்டதில்லை. இந்த ஒரு வார்த்தைதான் இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

எந்த வீட்டுக்கு மாதா போவது என்று முடிவு செய்பவர் எவலின் அக்கா. பள்ளிக்கூட கேண்டீனில் சமையல் வேலை. மற்ற நேரமெல்லாம் செபம். அக்கா செபமாலை நடத்தினால் பிரார்த்தனை, பாட்டு, நோயாளிகள் பெயர், தேர்வு எழுதும் பிள்ளைகள் பெயர் என்று இரண்டு மணி நேரம் போகும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவர்கள் முட்டி போட்டபடியே தூங்குவார்கள். யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருடம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரமாகப் பேச்சே இல்லை. "செபத்தை வீடியோவில் போடுங்கள். நான் வந்து உட்காருகிறேன்" என்று செய்தி மட்டும் அனுப்பியிருந்தார்.

"அவங்க முன்னாடி கோழி கத்துச்சுன்னா, இந்த ஜென்மத்துல மாதா நம்ம வீட்டுப் படி ஏற மாட்டாங்க" என்றாள் லூர்து மேரி.

மறுநாள், தான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட்டை ஓரம் கட்டிவிட்டு மோரிஸ் சுகுமாரனிடம் விஷயத்தைச் சொன்னான். சுகுமாரன் இயந்திரம் பழுது பார்ப்பவன். காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பான்.

"அண்ணே, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கீங்க? வேற ஆப் இருக்கு. அதே வீடியோதான், ஆனா விளம்பரமே வராது. கடையில கிடைக்காது, வெளியிலேர்ந்து எடுத்து ஏத்தணும்."

"எவ்வளவு?"

"ஃப்ரீண்ணே. யாரோட கம்பெனியும் இல்ல. உலகம் பூரா உள்ள ஆளுங்க சேர்ந்து சும்மா எழுதுறாங்க. உள்ள எப்படி ஓடுதுன்னு யார் வேணாலும் திறந்து பார்க்கலாம். ஓப்பன் சோர்ஸ்."

"சம்பளம்?"

"கிடையாது."

மோரிஸ் இருபது வருடம் செம்பனைக் குலை வெட்டியவன். சம்பளம் கொடுத்த இடத்திலேயே வேலை ஒழுங்காக நடந்து அவன் பார்த்ததில்லை. "சம்பளமில்லாம எவன் லா வேலை செய்வான்? அதுல என்னமோ இருக்கு."

"எல்லாம் இருக்குண்ணே. விளம்பரம்தான் இல்ல."

சுகுமாரன் கைப்பேசியை வாங்கி ஏற்றினான். தெரியாத இடத்திலிருந்து வருகிறதே, விடலாமா என்று கைப்பேசியே ஒரு தடவை கேட்டது. சுகுமாரன் விடச் சொன்னான். "என் செட்டிங்கையும் அப்படியே ஏத்திட்டேன். ரெண்டு வருஷமா பார்த்துப் பார்த்து வச்சது. நீங்க ஒண்ணையும் தொடாதீங்க, அமுக்குனா ஓடும்."

சாயங்காலம் மோரிஸ் போட்டுக் காட்டினான். சிலுவை அடையாளம், தொடக்க மன்றாட்டு, பாதிரியாரின் நீண்ட முன்னுரை என்று தடங்கல் இல்லாமல் ஓடியது. கோழியும் இல்லை, கடனும் இல்லை. லூர்து மேரிக்கு முகம் மலர்ந்தது.

"போதும், நிறுத்துங்க. நான் ஆட்டுக்கறி வாங்கிட்டு வந்துடறேன்."

அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும் ஜெஃப்ரி தன் காடியின் முன் இருக்கையில் மாதாவை உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். ஜெஃப்ரி சிடாம் கிரிப் பக்கம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமான் ஆட்கள் முப்பது பேருக்கு மேல் வந்து கூடத்தில் பாய் கொள்ளாமல் உட்கார்ந்தார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எவலின் அக்கா முதல் வரிசையில் முட்டி போட்டார். அவர் கண் சுவரில் ஒரு சுற்று, திரைச்சீலையில் ஒரு சுற்று, கடைசியில் மோரிஸ் மேல் வந்து நின்றது.

இரண்டு மெழுகுவர்த்திக்கு நடுவே, மாதாவின் காலடியில் கைப்பேசி. பக்கத்தில் ஒலிபெருக்கி. மோரிஸ் அமுக்கினான்.

சிலுவை அடையாளம் நன்றாகப் போனது. முன்னுரையும் நன்றாகப் போனது. லூர்து மேரி கல்யாணத்தன்று பார்த்த மாதிரி அவனைப் பார்த்தாள்.

பிறகு முதல் மணி வந்தது.

பாதிரியார் முன்பாதியைச் சொல்லி முடித்தார். பின்பாதியைச் சொல்லக் கூட்டம் வாயைத் திறந்தது. "தூய ம..." என்பதற்குள் பாதிரியார் அடுத்த மணியைத் தொடங்கிவிட்டார். மறுபடி கூட்டம் "தூய..." என்றது. பாதிரியார் மூன்றாவதில் இருந்தார். மக்கள் சொல்வதற்காக அவர் விட்டுவைத்த இடைவெளி எங்கேயோ காணாமல் போயிருந்தது. மனிதர் மூச்சுக்கூட விடவில்லை.

"பாதருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சோ?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

லூர்து மேரி கணவனின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவன் அவளுடைய கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடி சுகுமாரனை அழைத்தான்.

"டேய், சாமியார் நிக்க மாட்டேங்கிறாரு! எங்கள பதில் சொல்ல விட மாட்டேங்கிறாரு!"

"ஆயோ, அண்ணே! சத்தமில்லாத இடத்தைத் தாண்டிப் போற செட்டிங் அது! அரசியல்வாதி பேச்சு கேக்கறதுக்காக வச்சிருந்தேன். அவனுங்க கைத்தட்டலுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவானுங்க, எனக்குப் பொறுக்காது."

"எப்படி நிறுத்துறது?"

"மேல வேகத்தைக் காட்டுற எண் இருக்கும். அதை அமுக்குனா ஒரு பெட்டி திறக்கும். அடியில ஒரு சின்னக் கட்டத்துல டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க."

எழுந்து நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். மோரிஸ் கூடத்தின் வாசலிலிருந்து மாதா வரைக்கும் முட்டியாலேயே நகர்ந்தான். "எவ்வளவு பக்தி பாரு" என்றாள் ஒரு பெண். எண்ணை அமுக்கினான். பெட்டி திறந்தது. சின்னக் கட்டம் உண்மையிலேயே சின்னது. மோரிஸின் கட்டைவிரல் இருபது வருடம் நீளக் கழியைப் பிடித்துத் தடித்துப்போன விரல். அது கட்டத்தில் விழாமல் அதற்கு மேலிருந்த, வேகத்தைக் கூட்டும் கோட்டில் விழுந்து வழுக்கியது.

பாதிரியாரின் குரல் கீச்சென்று மெலிந்தது. ஏற்கெனவே நிற்காதவர், இப்போது ஓட ஆரம்பித்தார்.

"ஐயோ, என்னங்க பண்ணினீங்க?" லூர்து மேரியின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"சரி பண்றேன், இரு."

சரி பண்ணப் போன விரல் திரையை மேல் நோக்கி இழுத்தது. ஒலி கூடி, கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் நாய் குரைத்தது. இன்னொரு இழுப்பில் திரை இருண்டுபோனது. அதற்கு மேல் எங்கே என்ன இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

ஜெஃப்ரி பொறுத்துப் பார்த்தார். முப்பது பேர் வேலை தெரியாமல் விழிப்பதைக் கண்டு சும்மா இருக்க எந்த மண்டோராலும் முடியாது. அவர் கையைத் தூக்கினார்.

"இப்படி ஆளாளுக்கு இழுத்தா கரை சேராது! ஆம்பளைங்க ஒரு மணி, பொம்பளைங்க ஒரு மணி. இவங்க சொல்லும்போது அவங்க மூச்சு வாங்கிக்கிங்க. பாதர் அவர் பாட்டுக்கு ஓடட்டும். விடாம புடிங்க!"

கூட்டம் தோட்டத்து வேலைப் பிரிவு மாதிரி இரண்டு கிராங்காகப் பிரிந்து வேலையில் இறங்கியது. ஆண்கள் ஒரு பின்பாதியை வீசி முடிக்க, பெண்கள் அடுத்ததைப் பிடித்தார்கள். பாதிரியாரின் கீச்சுக்குரல் முன்னால் ஓட, கையுறைத் தொழிற்சாலைப் பெண்களின் வாய், நகரும் பட்டையில் கை ஓடும் வேகத்தில் ஓடியது. ஒருவர்கூடத் தூங்கவில்லை. நான்காவது மறையுண்மையில் பெண்கள் பக்கம் முந்தியது. ஐந்தாவதில் ஆண்கள் வேட்டியையும் பேண்டையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஈடு கொடுத்தார்கள். கடைசி மணி முடிந்தபோது எல்லாருக்கும் வியர்த்திருந்தது; தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சமையல்கட்டில் ஆட்டுக்கறியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஆமென்" என்றார் ஜெஃப்ரி, மூச்சு வாங்க.

"தூக்குடா! தூக்குடா! சரியான தோமான் மீனு!" என்றது ஒலிபெருக்கி.

சுகுமாரனின் செட்டிங்கில் ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக வரும். அவன் தூண்டில் பைத்தியம். ஓர் ஏரிக்கரையில் நான்கு பேர் மீனை இழுத்துக்கொண்டு மாதாவின் காலடியிலிருந்து அலறினார்கள். மோரிஸ் கைப்பேசியின் பொத்தானை அமுக்கி அணைத்தான். திரைதான் அணைந்தது. திரை அணைந்தாலும் சத்தம் ஓடும் என்பது அந்த ஆப்பின் பெருமைகளில் ஒன்று என்று சுகுமாரன் சொன்னது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"விடாத! வலையப் போடு! பொஸ், வலை எங்க?"

லூர்து மேரி எழுந்தாள். ஒலிபெருக்கியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டு போய், காலிச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடினாள். பானைக்குள் மீன் கொஞ்ச நேரம் துள்ளியது. மோரிஸ் எதையெதையோ அமுக்கிக் கைப்பேசியையே ஒரேயடியாக அணைத்தான்.

எல்லார் பார்வையும் எவலின் அக்காவிடம் போனது. அவர் முட்டி போட்ட இடத்திலேயே அசையாமல் மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குச் சாப்பிடப் போனார்கள்.

லூர்து மேரி சுவரோடு சாய்ந்து நின்றாள். "முடிஞ்சு போச்சு" என்றாள் மெதுவாக. "எஸ்டேட்காரங்கன்னு சொன்னது சரிதான்னு ஆக்கிட்டோம். இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கோவிலுக்குப் போறது?"

"விளம்பரம் வரலியே மேரி" என்றான் மோரிஸ்.

"பேசாதீங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இருபது வருடத்தில் அவள் அழுது அவன் பார்த்தது கொஞ்சம்தான். மோரிஸ் எவலின் அக்காவிடம் போய் அவர் எதிரில் தானும் முட்டி போட்டான்.

"அக்கா, தப்பு என்னுதுதான். அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டு வருஷமா காத்துக் கிடந்தா. அடுத்த வருஷம் எங்க வீட்டை விட்டுடாதீங்க. நான் போனையே தொட மாட்டேன். வேணும்னா நான் வெளியில நிக்கிறேன்."

எவலின் அக்கா ஒரு கையை மோரிஸின் தோளில் ஊன்றினார். இன்னொரு கையை நீட்டி லூர்து மேரியைக் கூப்பிட்டார். அவள் வந்து பிடிக்க, இருவர் பலத்தில் மெல்ல எழுந்து நின்றார். கூடாரத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். எல்லாரும் தட்டில் குனிந்திருந்தார்கள். அக்கா கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தன் கைப்பேசியை எடுத்து மோரிஸின் கையில் திணித்தார்.

"தம்பி, அந்த ஆப்ப அப்படியே, ஒண்ணையும் மாத்தாம இதுல ஏத்தி விடு லா" என்றார், கேண்டீனில் கடைசி மேசை வரை கேட்கும் அதே குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு. "எனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு, முட்டிதான் போச்சு."