கடைசிப் பன்னிரண்டு பக்கம்

அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கண் மடியில் விரித்திருந்த புத்தகத்தில் இருந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. அதனால் பட்டாணி குப்பைக் கூடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தோல் பாத்திரத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்த அவள் புருஷன் மிதிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி பார்த்தார். தோல்தான். பாத்திரத்தில்தான்.

அந்த நிமிஷமே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்று இந்த வீட்டில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். அப்புறம், தான் போய்விட்டால் மெஷினை யார் மிதிப்பது என்று யோசித்து, புத்தகமே போகட்டும் என்று பெரிய மனசு பண்ணித் திருத்திக்கொண்டார்.

அவருக்குப் பை தைக்கிற வேலை. வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிக்கூடப் பை, தோள்பை, சூட்கேஸ், எது வந்தாலும் பார்ப்பார். பல் போன ஜிப்புக்கெல்லாம் பல் கட்டுவார். அதனால் தெருவே அவரை 'ஜிப்பு அண்ணன்' என்றுதான் கூப்பிடும். கைத்தையலில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் தைத்த பை கிழிந்தால், அவர் தைத்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் கிழியும்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் விட்டதும் அவரேதான். ஒரு பழைய சூட்கேஸ் வந்தது. உள்துணி கிழிந்திருந்தது. அதைப் பிரித்தபோது துணிக்கும் அட்டைக்கும் நடுவில் தடியாக ஒரு புத்தகம். முன்னட்டை இல்லை. பேரும் தெரியாது, எழுதினவர் யாரென்றும் தெரியாது. சூட்கேஸ்காரம்மா, "அது யாரோடதோ, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். பசை துடைக்கக் காகிதம் ஆயிற்று என்று இவர் நினைத்தார்.

"கொஞ்சம் குடுங்க. அதுல என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்று அவள் கேட்டாள்.

அவள் அஞ்சாவது வரைக்கும் போனவள். அதற்கப்புறம் அவள் படித்ததெல்லாம் மருந்து பாட்டிலும் பஸ் போர்டும்தான். விரலை வரிமேல் வைத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். முதல் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. புத்தகம் முடிய நாலு மாசம். முடித்த அன்றைக்கு மூடி வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். புத்தகத்தைத் திருப்பினாள். முதல் பக்கத்தில் விரலை வைத்தாள். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"முடிஞ்சுதுன்னு சொன்னே?"

"முடிஞ்சுதுங்க."

"அப்புறம் என்ன மறுபடியும்?"

"முடிஞ்சுபோச்சே, அதான்."

"நடந்ததெல்லாம் தெரியுமில்ல? தெரிஞ்சதையே படிக்கறதுக்கு உள்ள ஏதாவது மாறியிருக்கா?"

"மாறித்தாங்க இருக்கு. போன தடவை அந்த மாமியார் கெட்டவளா இருந்தா. இந்தத் தடவை பாவமா இருக்கா."

"நடுவுல யாராவது வந்து மாத்தி எழுதிட்டுப் போனாங்களா?"

"போன மாசம் உங்கம்மா வந்தாங்க இல்ல?"

"எங்கம்மாவா எழுதினாங்க?"

"அவங்க ஏன் எழுதறாங்க? வந்தாங்கன்னு சொன்னேன்."

அவர் மெஷினை மிதிக்கப் போய்விட்டார். இப்போது ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது தடவை.

பட்டாணிக்காகத்தான் கோபம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை அது இல்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவைப்பார்கள். மகள் தூங்குவாள். முன்பெல்லாம் பெண்டாட்டி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரித்த பைகளில் பழைய நூலைப் பிடுங்கிக்கொண்டே பேசுவாள். யார் வீட்டில் குழாய் உடைந்தது, யாருக்கு யாரோடு பேச்சில்லை, எல்லாம். அவர் தலை நிமிராமல் "ம்" என்பார். காதிலேயே வாங்கவில்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார். புத்தகம் வந்தபிறகுதான் தெரிந்தது, அத்தனையையும் வாங்கியிருக்கிறார் என்று. இப்போது "ம்" சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் தானாகவே "ம்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

'என்கூடப் பேசேன்' என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் அவர் கேட்கிற ஆள் இல்லை. திட்டம் போடுகிற ஆள்.

புத்தகத்தை ஒளித்துவைத்தால் தேடுவாள். தூக்கிப் போட்டால் அழுவாள். கடைசிப் பக்கங்களை மட்டும் உருவிவிட்டால்? வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு வாயில் வைக்கும்போது பிடுங்கின மாதிரி இருக்கும். வெறுத்துப்போய் அவளே மூலையில் எறிவாள். தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவள் மகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போன நாளில் பிளேடை எடுத்தார். சும்மா பிய்த்திருக்கலாம். கை வரவில்லை. பிய்த்தால் ஓரம் பிசிறடிக்கும். பதினைந்து வருஷத் தொழில், பிசிறைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. பின்னட்டையை நோகாமல் கழற்றினார். நூலைப் பிரித்தார். கடைசிப் பன்னிரண்டு பக்கம் ஒரே கட்டாக வந்தது. மீதிப் புத்தகம் தளர்ந்து நின்றது. அப்படியே விடலாமா? நூலில் மெழுகு தடவி, நெருக்கமாக நாலு தையல் போட்டு, இரண்டு முனையிலும் இரட்டை முடிச்சு போட்டு, அட்டையைத் திரும்ப ஒட்டினார். தள்ளி வைத்துப் பார்த்தார். அச்சாபீசில்கூட இப்படித் தைத்திருக்கமாட்டார்கள். திருட்டை இவ்வளவு சுத்தமாகச் செய்தவன் உலகத்தில் உண்டா?

பன்னிரண்டு பக்கமும், ஜிப்பை இழுத்து மூடுகிற ரன்னர்கள் கிடக்கும் டப்பாவுக்கு அடியில், மேஜை டிராயருக்குள் போனது.

அப்புறம் காத்திருந்தார். அவள் இன்னும் நடுப்பக்கத்தில்தான் இருந்தாள். மூன்றாம் நாள் ஒரு ரன்னர் தேடும்போது டப்பா நகர்ந்து ஒரு வரி கண்ணில் பட்டது.

'...என்று கேட்டுக்கொண்டே சலவைக்காரி தலை நிமிராமல் கையை நீட்டினாள். பத்தொன்பது வருஷம் கழித்து ஊருக்கு வந்த கப்பல் சமையல்காரன், தன் சட்டையை அவளிடம் கொடுத்தான்.'

எந்தச் சமையல்காரன்? பத்தொன்பது வருஷம் எங்கே போனான்? இவள் ஏன் நிமிரமாட்டேன் என்கிறாள்? நிமிர்ந்தால் என்ன? அவர் நின்றபடியே பன்னிரண்டு பக்கமும் படித்தார். பசை பிரஷிலேயே காய்ந்தது. சலவைக்காரி சட்டையைத் திருப்பிக் காலரைப் பார்க்கிறாள். எப்போதோ அவளே போட்ட ஒட்டுத் தையல். அவனுக்குப் பெண்டாட்டியாக இருந்தபோது போட்டது. அப்போதும் நிமிரவில்லை. டோக்கனைக் கொடுக்கிறாள். "வியாழக்கிழமை வாங்க" என்கிறாள். அவன் படியிறங்கியபிறகு இன்னொன்றும் சொல்கிறாள். "சாப்பிடாம வாங்க."

அவ்வளவுதான். புத்தகம் முடிந்தது. ஜிப்பு அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். தையலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறாளே! தொழில் தெரிந்தவள்!

மறுநாள் அந்தக் காலர் இடத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார். அதற்கடுத்த நாள் முதலிலிருந்து. ஒரு வாரத்தில் ஏழு தடவை ஆயிற்று. தெரிந்ததையே படிக்கிறோம் என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. அவருக்கு வேறு கவலை. முன்னால் என்ன நடந்தது? அவன் ஏன் போனான்? அதெல்லாம் அவள் மடியில் இருந்தது. கேட்டால் மாட்டிக்கொள்வார்.

சுற்றிவளைத்துப் பார்த்தார்.

"இந்த... சமையல்காரங்க மாதிரி யாராவது வருவாங்களா?"

"எங்க? நம்ம வீட்டுக்கா?"

"இல்ல, பொதுவா. புத்தகங்கள்ல."

"வருவாங்க."

"வந்து?"

"சமைப்பாங்க."

கடைசியில் அந்த நாள் வந்தது. அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பின்னட்டை. ஜிப்பு அண்ணன் ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தின் முதுகை விரலால் ஒருதரம் தடவினாள். மூடினாள். அலமாரியில் வைத்தாள்.

"என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"முழுசாவா? கடைசி எல்லாம் நல்லாயிருந்துதா?"

"எப்பவும்போலத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். வீட்டில் இருக்கிறவனைக் கூரையைப் பிரித்து விரட்டப் பார்த்தால், அவன் வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான்.

மறுநாள் மத்தியானம் மாடிவீட்டு நர்ஸ் அக்கா வார் அறுந்த தோள்பையோடு வந்தார்கள். "தம்பி, அஞ்சு நிமிஷத்துல தெச்சுக் குடு, டியூட்டிக்குப் போகணும்" என்று முக்காலியில் உட்கார்ந்தார்கள். "நீ என்னம்மா, அந்தக் கதையை இன்னும் விடலியாமே? அதுல அப்படி என்னதான் நடக்குது?"

கூச்சப்பட்டு நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அன்றைக்கு மடமடவென்று சொன்னாள். சமையல்காரன் கோபத்தில் கப்பலேறினது, மாமியாரும் மருமகளும் சலவைக்கடை வைத்துப் பிழைத்தது, வெள்ளம் வந்தது, மாமியார் செத்தது. ஜிப்பு அண்ணன் வார் தைக்கிற சாக்கில் ஒரு சொல் விடாமல் விழுங்கினார். பத்து நாள் பசி.

"கடைசியில வந்தானா இல்லையா?" என்றார்கள் நர்ஸ் அக்கா.

"வந்தாங்க்கா. சட்டை துவைக்கப் போட வந்தான். ஆனா அவளுக்கு ஆளைத் தெரியல. துவைச்சுக் குடுத்தா, வாங்கிட்டுப் போயிட்டான். அதோட முடிஞ்சுது."

"அடப்பாவமே."

"யார் சொன்னது?"

மெஷின் நின்றிருந்தது. ஜிப்பு அண்ணன் எழுந்து நின்றிருந்தார். கையில் நர்ஸ் அக்காவின் பை.

"அதெப்படித் தெரியாமப் போகும்? காலரைத் திருப்பிப் பாத்தாளே! அவ போட்ட தையல் அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் டோக்கனே குடுத்தா! சாப்பிடாம வாங்கன்னு சொன்னா! வாங்கிட்டுப் போயிட்டானாம்ல!"

நர்ஸ் அக்கா அவரைப் பார்த்தார்கள். அப்புறம் அவளைப் பார்த்தார்கள். அவள் கையை மட்டும் நீட்டினாள்.

அவர் டிராயரைத் திறந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஊசி போட்டுட்டு வந்த அன்னிக்கே. பழைய தையல்ல நூலுக்கு மெழுகு ஏது? ரெட்டை முடிச்சு வேற."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா எடுத்து நீட்டியிருப்பீங்க. அப்புறம் நீங்க எங்க படிக்கப் போறீங்க?"

நர்ஸ் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. டியூட்டி மறந்துபோனது.

அவர் வாரை முடித்துக் கொடுத்து அனுப்பியபிறகு, மெஷினைத் துடைக்கிற மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ பேசறதே இல்ல. அதான்."

அவள் அந்தப் பக்கங்களை மடியில் வைத்து ஓரம் தட்டிச் சரிசெய்தாள்.

"நீங்க கேக்கறீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க. அஞ்சு வருஷமா 'ம்'னுதானே சொன்னீங்க. அந்தப் புத்தகத்துல எல்லாரும் எனக்குப் பதில் சொல்ற மாதிரி இருந்துது."

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் வெளியே வந்தது "ம்"தான்.

பன்னிரண்டு பக்கத்தையும் அவரே திரும்பத் தைத்தார். அவள் பக்கத்திலேயே நின்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் அவள் வாய்விட்டுப் படிப்பாள், அவர் கைத்தையல் போட்டுக்கொண்டே கேட்பார் என்று ஏற்பாடாயிற்று. நடுநடுவே அவள் நிறுத்தி, "இவன் பேசறது உங்க தம்பி மாதிரியே இல்ல?" என்பாள். "எங்க தம்பி இவ்வளவு யோசிக்கமாட்டான்" என்பார் அவர். இப்படியே தெருக்கதை, வீட்டுக்கதை எல்லாம் வந்துவிடும். ஒரு தடவை முடிந்தது. அவர்தான் முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அதுவும் முடிந்தது.

மூன்றாவது தடவையில் வெள்ளம் வருகிற இடம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் விரல் வரிமேல் நகர்ந்தது.

"'...மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடிக் கொடியில் நாற்பது சட்டைகள். சலவைக்காரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். கை நிறையச் சட்டைகளோடு திரும்பியவள், தனக்குப் பின்னால்...'"

"அம்மா! இங்க வாயேன்! சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

அவள் எழுந்தாள். புத்தகமும் கையோடு போனது.

"ஏய், சொல்லிட்டுப் போ! பின்னால?"

"உங்களுக்குத்தான் தெரியுமே!"

தெரியும். ரெண்டு தடவை கேட்டாயிற்று. அவர் ஊசியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு உள்கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஷட்டருக்குக் கீழே ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. "ஜிப்பு அண்ணே, என் பை ஆச்சா?"

"கொஞ்சம் இருங்க" என்றார் அவர் எரிச்சலாக. "இங்க மழை கொட்டுது. சட்டையெல்லாம் இன்னும் கொடியில கெடக்கு."

வந்தவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.