மச்சானின் முதுகுத்தண்டும் எங்கள் வீட்டு டிவியும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம். என் கழுத்து மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறது. போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், ஆகவே கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது கூடத்துச் சுவரில் புது டிவியைப் பார்ப்பீர்கள். எந்த உயரத்தில் பார்ப்பீர்கள் என்பதுதான் விஷயம். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர். “எல்லாரும் எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க சார், கண்ணுக்கு நேரா ஸ்கிரீன் வரணும், அப்பதான் கழுத்து வலிக்காது” என்றார். வெளியாள் முன்னால் எவன் எப்பவும் போல உட்காருவான்? பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்தோம். மாமா, அதாவது உங்கள் அப்பா, சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டுக்கொண்டார். எந்நேரமும் சோபாவில் தலைகீழாகக் கிடக்கும் என் மகள், உங்கள் மருமகள், முழங்காலில் கைவைத்து அமர்ந்தாள். நானும் பிறந்ததிலிருந்து அவ்வளவு நிமிர்ந்ததில்லை. அவர் குறித்தார், துளைத்தார், மாட்டினார், போனார். வாசல் கதவு சாத்தியதுதான் தாமதம், காற்றுப் போன டியூப் மாதிரி எல்லோரும் சோபாவில் இறங்கிவிட்டோம். டிவி மேலேயே நின்றுவிட்டது. சுவரில் பல்லி தேடுகிறவன்போல அண்ணாந்து பார்த்தே என் கழுத்து பிடித்துக்கொண்டது.

மறுபடி அவரைக் கூப்பிட்டோம். “நான்தான் எப்பவும் போல உக்காரச் சொன்னேனே சார்” என்றார். இந்த முறை ஒளிவுமறைவே வைக்கவில்லை. மாமா இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் முதுகை வைத்துச் சரிந்தார், நான் தலையணையோடு தரைக்கே வந்தேன், உங்கள் தங்கை கீழே உட்கார்ந்து துணி மடித்தாள். “சார், இது டிவி மாட்டுற உயரமில்ல, செருப்பு வைக்கிற உயரம்” என்று அவர் எவ்வளவோ சொன்னார். “எங்க கண்ணு அங்கதான் இருக்கு” என்றேன். மாட்டினார். சாயங்காலம் எல்லோரும் முக்காலியில் காலை நீட்டினோம், திரை முழுக்க எங்கள் கால்விரல்கள்தான். வானிலை அறிக்கையில் புயல் எங்கே இருக்கிறதென்றால், மாமாவின் கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கிறது. “காலை எடுங்க மாமா” என்றேன். “காலை எடுத்தா முட்டி வலிக்கும், டிவிய எடுங்க மாப்ளே” என்றார்.

மூன்றாவதாக நடுவில் மாட்டியாயிற்று. என் கழுத்துக்கு அது சொர்க்கம். ஆனால் பழைய துளைகளை அடைத்துப் பட்டி பூசிய சுவர் அம்மை கண்ட முகம்போல இருப்பதில் உங்கள் தங்கைக்கு என் மேல் எரிச்சல். “எங்க அண்ணன் வந்து உக்காந்து பாக்கட்டும். அவர் சொல்ற உயரம்தான் முடிவு” என்று சொல்லிவிட்டாள்.

மச்சான், உங்கள் முதுகை எனக்குத் தெரியும். குரூப் போட்டோவில் எல்லோரும் கசங்கி நிற்க, நீங்கள் மட்டும் அடிஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. விருந்தாளியாக வேறு வருகிறீர்கள், சோபா நுனியில் விறைப்பாக உட்கார்ந்து, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், “கொஞ்சம் தாழ்வா இருக்கோ?” என்பீர்கள். அந்த ஒரு ‘ஓ’வில் டிவி பழையபடி மேலே போய்விடும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வந்ததும் சாயுங்கள். சாய்ந்து, சரிந்து, வழியுங்கள். பழக்கமில்லாவிட்டால் அக்காவை வைத்துக்கொண்டு வீட்டில் கொஞ்சம் ஒத்திகை பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்காத நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

தலைசாய்த்து (வேறு வழியில்லை),
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கோபமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எங்க அண்ணன் சாஞ்சா டிவி பாப்பார்னு யார் சொன்னா? சாஞ்ச உடனே குறட்டைதான். அவர் நிம்மதியா தூங்கணும், கூடத்துல டிவியே வேணாம்” என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்துவிட்டாள். டிவி படுக்கையறைக்குப் போகிறது. எனக்குக் கழுத்துவலி, ஒருக்களித்துத்தான் படுக்க முடிகிறது என்பதால், கண்ணுக்கு நேர் எதுவென்று பார்க்க அந்த மனிதரையே என் கட்டிலில் படுக்கச் சொல்லியிருக்கிறாள். மரியாதை தெரிந்தவர், பாவம். கையை மார்பில் கட்டிக்கொண்டு மல்லாந்து, கழுத்தைக்கூட அசைக்காமல் கிடக்கிறார். அவர் கண்ணுக்கு நேராக இருப்பது மேற்கூரை. உங்கள் தங்கை என்னை ஏணி எடுத்துவரச் சொல்கிறாள்.