டீசல் டாக்டரும் எங்கள் வீட்டு மணியும்

செத்துப்போன வண்டியை நிம்மதியாகச் செத்திருக்க விடாதவர்கள் சிலர் உண்டு. அவர்களில் டீசல் டாக்டரைப் போன்ற ஒரு பிடிவாதக்காரரை நான் மூன்று கண்டங்களில் பார்த்ததில்லை. "நீங்க போனதே ரெண்டு கண்டம்தான்" என்று என் மனைவி திருத்துவாள். மூன்றாவதுக்குப் போயிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு புறநகரில் மகன் வீட்டில் இருந்தோம். தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்தொரு வீட்டு வாசலில் புல் இருந்தது. எதிர்வீட்டு வாசலில் இரும்பு இருந்தது. ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளை எண்ணிக் குறித்தே வயதைக் கழித்தவன் நான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

எதிர்வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஆஸ்பத்திரியில் மனிதர்களைத் தூங்க வைப்பது உத்தியோகம். வீட்டுக்கு வந்ததும் சம்மட்டியால் இரும்பை அடித்துத் தெருவையே எழுப்புவது பொழுதுபோக்கு. டாக்டரின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் டீசல் டாக்டர்.

ஒரு நாள் ஏதோ பண்ணையிலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உருண்டை மூக்கு, தவளைக் கண், என் பள்ளிக்கூட நாட்களில் செய்த வண்டி. உள்ளே கோழிகள் குடியிருந்த அடையாளம் இருந்தது. எஞ்சினை எலி தின்றிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு வண்டி வந்தது. இது புதிது, ராட்சத டீசல் பிக்கப். ஆனால் விபத்தில் மேல்பாகம் அப்பளம்.

"என்ன டாக்டர், ஜோடி சேர்க்கிறீங்களா?" என்றேன்.

"ஓம் அங்கிள்! பழசின்ரை பாடியைக் கழட்டி, புதுசின்ரை சேஸிலை தூக்கி வைக்கப் போறன். மேலை பழசு, கீழை புதுசு. வடிவாயிருக்கும் பாருங்கோ."

"ஏன், பழைய எஞ்சினையே ரிப்பேர் பண்ணினா என்ன?"

"அது இடையிலை நிண்டிடும். அண்ணை வாறார் அங்கிள். அண்ணை ஏறினா நிக்கப்படாது."

விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்தில் இவருடைய அண்ணன் இதே மாதிரி உருண்டை மூக்கு வண்டி ஒன்றில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த வண்டி ஓடிய தூரத்தைவிட, சிறுவனான டாக்டர் பின்னாலிருந்து தள்ளிய தூரம் அதிகம். தம்பி வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு நாள் அதை விற்றுவிட்டார். அந்த அண்ணனுக்கு இப்போது அமெரிக்க விசா கிடைத்திருந்தது. விமான நிலையத்திலிருந்து அவரை அதே மாதிரி வண்டியில், ஆனால் நடுவழியில் நிற்காத வண்டியில், வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். டாக்டருக்கு வேறு நினைப்பே இல்லை.

உருக்கமான எண்ணம்தான். உருக்கம் இருந்தால் மட்டும் இரும்பு பொருந்திவிடுமா? புதிய சேஸ் என்கிற அடிச்சட்டம் நீளம், பழைய பாடி குட்டை. பின்சக்கரம் வர வேண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. டாக்டர் சேஸை அறுத்தார், ஒட்டினார், மறுபடி அறுத்தார். எஞ்சினோ அகலம், பானெட் மூடவில்லை. பானெட்டையும் அறுத்தார். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அறுவை சிகிச்சை செய்யும் ஆசை உள்ளுக்குள் எத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்ததோ!

"விசர் மனுசன் அங்கிள். சாப்பாட்டு மேசையிலை போல்ட்டு, குளியலறையிலை பிரேக்கு. எனக்கு நிக்க இடமில்லை" என்பார் அவர் மனைவி சாந்தி. ஆனால் பாடியைத் தூக்கி வைக்கும் நாள் வந்ததும் பூஜை போடாமல் வைக்கக்கூடாது என்று அடம்பிடித்தவரும் அவரேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நல்ல நேரத்தில் பூஜை. தமிழ்ச் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் தூக்க வந்திருந்தார்கள். சாந்தி சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"ஆறு சக்கரம்" என்றேன். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள வண்டி அது. எட்டுப் பேர் இருந்தும் எண்ணிப் பார்த்தது நான் ஒருவன்தான். இன்னும் இரண்டு பழம் தேடுவதில் பாதி நல்ல நேரம் போயிற்று. பூஜைக்கு மணி இல்லை என்றதும் என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டு வெண்கல மணியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கும்பகோணத்து மணி. சென்னையிலிருந்து என் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

சாந்தி கற்பூரம் காட்டினார், மணி அடித்தார், இரண்டு கையும் கூப்ப வேண்டுமே என்று மணியைச் சேஸின் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்தார். அந்த நேரம் யாரோ கத்தினார்கள்: "நாலரைக்கு ராகு காலம்! இன்னும் ரெண்டு நிமிஷம்தான்! தூக்குங்க, தூக்குங்க!"

"அது மெட்ராஸ் காலண்டர். இங்கே சூரியன் உதிக்கிற நேரமே வேற" என்றேன். யார் கேட்டார்கள்? எட்டுப் பேரும் "முருகா!" என்று பாடியைத் தூக்கிச் சேஸின்மேல் இறக்கினார்கள். டாக்டர் பாய்ந்து பாய்ந்து போல்ட்டுகளை முடுக்கினார். எல்லாரும் கைதட்டிக் கேசரி சாப்பிட்டார்கள்.

"மணி எங்கே?" என்றேன்.

மணி, பாடிக்கும் சேஸுக்கும் நடுவில், கை நுழையாத இடத்தில் இருந்தது. டாக்டர் வண்டியைக் குலுக்கினார். 'ணங்' என்றது.

"கழட்டுங்க" என்றேன்.

"ஐயோ அங்கிள், நல்ல நேரத்திலை வைச்சது. ராகு காலத்திலை கழட்டுறதோ?" என்றார் சாந்தி.

"நாளைக்குக் கழட்டுங்க."

"அண்ணை வந்து போகட்டும் அங்கிள்" என்றார் டாக்டர். "பேந்து பாப்பம்."

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். தரையில் மீந்து கிடந்த போல்ட்டுகள் நாற்பத்தொன்று. "இந்த வண்டியில நான் ஏறணும்னா, நாலு பேர் தூக்கித்தான் ஏத்தணும்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள்வரை வண்டி இருமியது, புகைந்தது, ஓட மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் திடீரென்று உறுமிக் கிளம்பியது. டாக்டர் தெருவை ஏழு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் 'ணங், ணங்.' கோயில் புறப்பாடு என்று நினைத்து என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் பிக்கப்பில் முன்னால் போனார். சாமான்களுக்காகச் சாந்தியின் கார் பின்னால். நடுவழியில் பிக்கப் நின்றால் டாக்டருக்குத் துணை வேண்டும் என்று சாந்தி கேட்டதால் நான் அந்தக் காரில். வண்டி நிற்கும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் கிளம்பினேன். பாழாய்ப்போனது நிற்கவில்லை.

விமான நிலைய வாசலில் அண்ணன் வந்தார். ஒல்லியான மனிதர், ஒரு கை இடுப்பில். டாக்டர் பிக்கப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையை வரவேற்பதுபோல நின்றார். அண்ணன் வண்டியின் மூக்கைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"உதென்னடா தம்பி?"

"எங்கட வண்டி அண்ணை. அதே மாதிரி. ஏறுங்கோ!"

"உதிலையோ? உது மாதிரி ஒண்டை ஓட்டித்தான் எனக்கு நாரி முறிஞ்சது. ஒரு நாள் முழுக்க பிளேனிலை இருந்து வாறன், இனி உதிலை ஏற ஏலாது." பின்னால் திரும்பினார். "பிள்ளை சாந்தி, உன்ரை காரிலை ஏசி இருக்கோ?"

அண்ணன் காரில் ஏறிச் சாய்ந்துவிட்டார். டாக்டர் திறந்த கதவை மூடவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. ஒரு போலீஸ்காரர் கையை வீசி நகரச் சொன்னார். டாக்டர் அப்படியே நின்றார். அப்படி ஒரு முகத்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை.

காரிலிருந்து இறங்கி, திறந்திருந்த கதவு வழியாகப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் தூக்கவில்லை.

"ஓட்டுங்க டாக்டர். அவருக்கு இடுப்பு வலி, எனக்கு இல்ல" என்றேன். வீடு போய்ச் சேர்ந்தபோது எனக்கும் இருந்தது. ஃப்ரீவே முழுக்க மணிதான் பேசிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வாசலில் ஒரு லுங்கியும் இரண்டு காலும் மட்டும் தெரிந்தன. மீதி அண்ணன் பானெட்டுக்குள் இருந்தார். "ஆரடா இந்த வயரை இப்பிடிக் கொழுவினது? நீ மனுசருக்கு ஊசி போடுறதே பெரிசு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டாக்டர் ஸ்பானரை நீட்டிக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றார். மீந்த போல்ட்டுகளைப் பற்றி நான் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் அதற்கும் திட்டினார். ஒரு மாதத்தில் இருபத்தொன்பது போல்ட்டுகள் உரிய இடத்துக்குப் போயின.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் அண்ணன் என்னிடம் வந்தார். "ஐயா, பாடியைத் தூக்கி உங்கட மணியை எடுத்துத் தரட்டோ? அரை மணித்தியால வேலை."

மெட்ராஸ் காலண்டரை எடுத்து மெதுவாகப் புரட்டினேன். எதிரே டாக்டர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நேரம் சரியில்லை" என்றேன்.

டெக்சஸை விட்டுக் கிளம்பும்வரை சரியான நேரமே வரவில்லை. சென்னை வீட்டுப் பூஜைக்கு என் மனைவி புது மணி ஒன்று வாங்கிவிட்டாள். சத்தம் போதவில்லை.