கனகேஸ்வரியின் கணக்குப் பலகை

"அங்க மட்டும் வேண்டாங்க மிஸ்" என்று அலுவலகத்தின் பிரதம லிகிதர் புஷ்பராஜ் திரும்பத் திரும்பச் சொன்னபோதுதான், பலகையை அங்கேதான் அடிக்க வேண்டும் என்று கனகேஸ்வரி முடிவெடுத்தார்.

வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த மாகாணத் திணைக்களக் கிளை அது. கடைப் பெயர் பதிய, அனுமதி புதுப்பிக்க என்று சனம் விடியவே வந்து மர வாங்கில் குந்திவிடும். கனகேஸ்வரி அங்கே பொறுப்பதிகாரியாக வந்து அதிக நாளாகவில்லை.

வந்த அன்றே வாங்கிலிருந்து ஒரு குரல் அவரை மறித்தது. கொட்டாஞ்சேனையில் வடைக்கடை வைத்திருக்கும் மயிலம்மா.

"எனக்குச் சீனி வியாதிங்க மிஸ். அடக்க முடியல. வெளிய ஓடிப் போயிட்டு வந்தா என் நம்பர் தாண்டிப் போயிருது. இது மூணாவது வாட்டி. அந்தக் கக்கூச கொஞ்சம் திருத்திக் குடுங்களேன்."

உள்ளே ஒடுங்கிய நடையின் கடைசியில் ஒரேயொரு மலசலகூடம் இருந்தது. கதவில் 'பழுது, பாவிக்க வேண்டாம்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். இந்த அலுவலகத்தில் மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதப்பட்ட ஒரே அறிவித்தல் அதுதான்.

"இதை ஏன் இன்னும் திருத்தேல்லை?" என்று கேட்டார் கனகேஸ்வரி.

"காசு இல்லைங்க மிஸ். இந்த வருஷ ஒதுக்கீடு முடிஞ்சிருச்சு" என்றார் புஷ்பராஜ்.

"அப்ப நீங்கள் எல்லாரும் எங்க போறனீங்கள்?"

"பக்கத்து பேங்குக்குங்க" என்று யன்னலைப் பார்த்துச் சொன்னார் புஷ்பராஜ்.

கனகேஸ்வரி அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவருடைய பிடிவாதம். மற்றவர்கள் எங்கே போனால் என்ன? ஒதுக்கீடு எங்கே போனது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"சனத்தின்ர காசு. வந்தது எவ்வளவு, போனது எதுக்கு எண்டு சனத்துக்குத் தெரிய வேணும். பெரிய பலகையில எழுதி வைப்பம். வீண் செலவைப் பிடிச்சு நிறுத்தினால் மிச்சம் வரும். அந்த மிச்சத்தில முதல் வேலை மலசலகூடம்."

பலகை என்றதும் ஒருவரும் எதிர்க்கவில்லை. கிளார்க் அர்பா கைகூடத் தட்டினாள். எங்கே அடிப்பது என்று சொன்னதும்தான் எல்லார் முகமும் கறுத்தது. வாங்குக்கு நேர் எதிரே இருந்தது அந்த நடையின் வாசல் ஒன்றுதான். பழுதான மலசலகூடத்துக்கு யார் போகப் போகிறார்கள்? சுவருக்குச் சுவர் அடைத்துப் பலகையை நிறுத்திவிட்டால், காத்திருக்கும் சனம் வாசித்துக்கொண்டே இருக்கலாம்.

"கேற்றில அடிப்பமே மிஸ்" என்றாள் அர்பா.

"மொட்டமாடில வச்சா தெஹிவளை வரைக்கும் தெரியுங்க" என்றார் புஷ்பராஜ்.

"ஏன், இதில அடிச்சால் என்ன?"



"அப்படின்னா நல்ல நேரம் பாக்கணுங்க மிஸ்" என்று புஷ்பராஜ் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "குத்துவிளக்கு, பாற்சோறு, திறந்து வைக்க ஒரு பெரிய ஆள்… எப்படியும் அடுத்த மாசம் ஆகும்."

"ஒண்டும் வேண்டாம். ஆணி போதும்."

அன்று பின்னேரமே பலகை ஏறியது. தேநீர் போடும் றோஸி மட்டும் கையில் தட்டோடு நின்று, ஆணி இறங்குவதைச் செத்தவீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகை உடனேயே வேலை செய்யத் தொடங்கியது. முதல் வாரமே தேநீர்ச் செலவு பாதியாகியது. அடுத்த வாரம் ஒருவரும் தேநீரே கேட்கவில்லை.

"என்ன றோஸி, எல்லாரும் திருந்திட்டினம் போல?"

"ஆமா மிஸ்" என்றாள் றோஸி. "தண்ணி கூடக் குடிக்கிறதில்ல."

கனகேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. 'தேநீர்: மீதம்' என்று சிவப்பு மையால் எழுதினார். வாங்கில் இருந்த சனம் கைதட்டியது.

ஆனால் அலுவலக வானுக்குப் பெற்றோல் செலவு ஏறியது. வெளியே போகச் சொன்னால் முகம் சுழிக்கும் அர்பா, காலையிலும் பின்னேரத்திலும் 'இடப் பரிசோதனை' என்று கிளம்பினாள். அதுவும் தெஹிவளைக்கு. அங்கே அவளுடைய வீட்டைத் தவிரப் பரிசோதிக்க என்ன இருக்கிறது என்று கனகேஸ்வரிக்கு விளங்கவில்லை.

"அர்பா, இண்டைக்கு இது ரெண்டாம் தரம்."

"அவசரம் மிஸ். ஏலாமத்தான் கேக்கிறன்."

பெற்றோல் கணக்கும் பலகையில் ஏறியது. சனம் வாசித்துவிட்டுச் சிரித்தது. கனகேஸ்வரி வான் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டார்.

பெற்றோல் நின்றது. கதிரைகள் காலியாகின. எழுதிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று எழுந்து காலி வீதிப் பக்கம் ஓடும். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத வடையொன்றைக் கையில் பிடித்தபடி நிதானமாகத் திரும்பி வரும். வரிசை கேற்றைத் தாண்டியது. தேங்கிய வேலைக்குச் சனிக்கிழமை மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுக்க வேண்டியதாயிற்று. தேநீரில் மிஞ்சியதெல்லாம் அதில் போனது. அதையும் கனகேஸ்வரி பலகையில் எழுதினார்.

"என்ன மிஸ், மிச்சம் வருதா?" என்று மயிலம்மா கேட்டாள். ஒரு கடிதம் குறைகிறதென்று அவளை மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"வரும் அம்மா. நான் விடமாட்டன்."

கனகேஸ்வரி வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தி, வேலை நேரத்தில் ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று கட்டளையிட்டார். காவலாளியின் சம்பளமும் பலகையில் ஏறியது. மறுநாள் பாதிப்பேர் அரைநாள் லீவு கேட்டார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில், பலகையின் ஒரு மூலை கழன்று தொங்கியது. ஆணிகளை யாரோ பிடுங்கியிருந்தார்கள். கனகேஸ்வரிக்குக் கோபத்தில் கண்ணே சிவந்துவிட்டது. வெல்டரைக் கூப்பிட்டு, இரும்புச் சட்டம் போட்டுப் பலகையைச் சுவரோடு பூட்டினார். சட்டத்துக்கான செலவையும் பலகையிலேயே எழுதினார். பிறகு எல்லாரையும் கூட்டத்துக்கு அழைத்தார்.

"கணக்கைக் கண்டு உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்? பலகை ஏறின நாளிலயிருந்து ஒருத்தரும் நிம்மதியா இருக்கிறேல்லை. வேர்க்குது, நெளியிறியள், ஓடுறியள். களவெடுத்தவைக்குத்தான் இப்படி வேர்க்கும். என்ன செய்தனீங்கள்? இப்பவே சொல்லுங்கோ!"

புஷ்பராஜ் காலோடு கால் பின்னியபடி எழுந்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"மிஸ், நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. கூட்டத்த மட்டும் கொஞ்சம் சுருக்கமா முடிச்சிருங்க."

அந்த ஒரு வசனமே போதும் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு என்று கனகேஸ்வரி நினைத்தார்.

அன்றிலிருந்து அவர் இன்னும் இறுக்கினார். வெற்று அறைகளில் சுழன்ற விசிறிகளை நிறுத்தினார். ஒருவரும் படிக்காத பத்திரிகைகளை வெட்டினார். வராத பெரிய ஆட்களுக்காக வாங்கி வைத்த பூமாலைச் செலவை நிறுத்தினார். தன் வீட்டிலிருந்து நடந்தே வந்தார். கடைசியில் ஒருநாள், சிவப்பு மையால் பலகையின் அடியில் எழுதினார்: 'மிச்சம். மலசலகூடத் திருத்தத்துக்கு.'

திருத்த வேலைக்குக் குழாய்க்காரர் பிறெடி வந்தார். பலகையைக் கழற்ற வேண்டும் என்றார்.

"கழற்றுங்கோ" என்று கனகேஸ்வரி வாய் மூடவில்லை. புஷ்பராஜ் சுத்தியலோடு ஓடிவந்தார். அர்பா எங்கிருந்தோ இரும்பறுக்கும் வாளொன்றைக் கொண்டுவந்தாள். காவலாளிகூடச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். வெல்டர் நாள் முழுக்கப் போட்ட சட்டம் பேச்சு முடிவதற்குள் கழன்றது. அதோடு நில்லாமல், எல்லாரும் மலசலகூடக் கதவுக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். இந்த அலுவலகத்தில் ஊழியர்கள் வரிசையில் நின்றதை அவர் இதுவரை கண்டதில்லை.

சனத்துக்கு நல்லது நடப்பதைப் பார்க்க எவ்வளவு ஆவல்! இவர்களைப் போய்க் கள்வர் என்று ஏசினேனே என்று கனகேஸ்வரி மனம் கரைந்தார். வாங்கில் இருந்த மயிலம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வரிசையின் முன்னால் நிறுத்தினார்.

பிறெடி கதவைத் தட்டிப் பார்த்தார். "பூட்டியிருக்கு மிஸ். புதுக் கதவு, புதுப் பூட்டு, உள்ளுக்குக் குழாய், எல்லாம் மாத்தோணும். மிச்சக் காசு முழுக்க வேணும்."

"பரவாயில்லை, உடையுங்கோ."

பிறெடி சுத்தியலை ஓங்கினார். றோஸி தேநீர்த் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே நின்றாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, பளபளவென்று தேய்ந்த ஒரு சாவியை மயிலம்மாவின் கையில் வைத்தாள்.

"உடைக்க வேணாம் மிஸ், உள்ள ஒரு பழுதும் இல்ல, வெளியாளுங்க வரக்கூடாதுன்னு அந்தப் பேப்பர ஒட்டினது நாங்கதான், நீங்க பலகைய அடிக்கிற நாள் வரைக்கும் எல்லாரும் இதுக்குத்தான் போயிட்டு இருந்தோம்."