குளத்தில் தண்ணீர் காணப்படுவதால்

பெற்ற மகளை டாக்டராக்க ஆசைப்படுவது சட்டப்படி குற்றமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனும் அந்த ஆசைதான் பட்டார். மகள் நித்யஸ்ரீ பதினோராம் வகுப்பு. கெட்டிக்காரிதான், ஆனால் மார்க்கு மட்டும் அப்பாவின் ஆசைக்கு ஒத்துழைக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டுப் பாயசம் குடிக்கப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் அந்த வருசம் அது ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. கபடி, கிரிக்கெட்டெல்லாம் காலை நேரத்துப் பஸ், நிற்கக்கூட இடம் கிடைக்காது. யாரும் ஏறாத பஸ்ஸாகப் பார்த்து ஏற வேண்டும். சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர் மகனை வாள்சண்டையில் விட்டிருந்தார். இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை, கேட்டால் சிரிப்பீர்கள், பனிச்சறுக்கு. மகுடேஸ்வரன் தேடித் துருவி, சிறுவர் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பிடித்தார். சின்னப் படகு, ஒரு பாய், ஒரு பிள்ளை. கோடை விடுமுறையில் மகளைச் சென்னைக்கு அனுப்பி, கடற்கரை முகாம் ஒன்றில் சேர்த்தும் விட்டார்.

முதல் கோளாறு அங்கேதான். சர்டிபிகேட் வாங்கிவரப் போன பெண், படகு ஓட்டவே கற்றுக்கொண்டு வந்துவிட்டாள்!

முகமெல்லாம் கறுத்து, உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த தழும்போடு வந்து இறங்கியவள் வாய் ஓயவில்லை. "காத்து எதுக்கால அடிச்சாக்கூட நாம நெனச்ச எடத்துக்குப் போயரலாமுங்கப்பா! குறுக்கயும் மறுக்கயும் நெளிஞ்சு நெளிஞ்சு போகோணும், அவ்வளவுதானுங்க. மறுக்கா எப்பங்கப்பா போலாம்?"

"அது கெடக்கட்டும் கண்ணு. மெடலு?"

"பதினாலாவதா வந்தனுங்க."

மகுடேஸ்வரன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் ஏற்றுமதி செய்து பழகிய மூளை, சும்மா இருக்குமா? சென்னையில் கடல் இருக்கிறது. கடல் இருந்தால் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் இருந்து தொலைப்பார்கள். ஆகவே போட்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அதாவது தண்ணீர் இல்லாத இடத்தில்.

இப்படிப் பிறந்ததுதான் மேற்கு மண்டல இளையோர் பாய்மரப் படகோட்ட வளர்ச்சிக் கழகம். தலைவர் மகுடேஸ்வரன். செயலாளர் சாயப்பட்டறை பொங்கியண்ணன். மகுடேஸ்வரனுக்கு மாமன் முறை, தம் மகன் நித்தீஷை டாக்டராக்கும் ஆசை அவருக்கும். விஷயம் கசிந்ததும் இன்னும் பதினோரு வீடுகள் வந்து ஒட்டிக்கொண்டன.

அரசு அங்கீகாரத்துக்கு நீர் விளையாட்டு ஒருங்கிணைப்பு அலுவலர் திருமூர்த்தியைப் போய்ப் பார்த்தார்கள். வறண்ட மண்டலத்துக்கு அப்படி ஒரு பதவி எதற்கென்று அவருக்கே தெரியாது. இத்தனை வருசத்தில் முதல் ஆளாக வந்தவர்களைப் பார்த்ததும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"போட்டியை அமராவதி டேம்ல வெச்சுக்கலாமுங்களா சார்?" என்று மகுடேஸ்வரன் கேட்டார்.

திருமூர்த்தி பதறிப்போனார். "அங்க தண்ணி இருக்குதுங்களே!"

"படகுப் போட்டிங்களே சார்..."

"தலைவரே, நாஞ் சொல்றதைக் கேளுங்க. தண்ணி இருந்துச்சுன்னா பொதுப்பணித் துறை, மீன்வளத் துறை, தீயணைப்புத் துறை, அத்தனை பேருகிட்டயும் தடையில்லாச் சான்று வாங்கோணும். முதலை இருந்தா வனத்துறை வேற. காஞ்ச குளமாப் பாருங்க. நான் ஒருத்தன் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"தண்ணியில்லாமப் படகு எப்படிங்க சார் போகும்?"

"அது தொழில்நுட்ப விஷயமுங்க. அதுல அரசு தலையிடாது."

தொழில்நுட்பத்துக்கா திருப்பூரில் பஞ்சம்? கம்பெனியில் துணி ரோல் தள்ளும் நாலு சக்கர டிராலி இருக்கிறதே! படகை அதன்மேல் தூக்கி வைத்தாயிற்று. காற்றுதான் இடித்தது. பாய்மரப் படகு காற்றால் மட்டுமே நகர வேண்டுமென்று உலக விதி சொல்கிறது. திருமூர்த்தி ஒரு வாரம் யோசித்து அதற்கும் வழி கண்டார். ஒவ்வொரு படகையும் தள்ளுவதற்கு ஓர் ஆள் அனுமதிக்கப்படுவார். விதிப்புத்தகத்தில் அவருக்குப் பெயர் 'காற்றுப் பிரதிநிதி'. கம்பெனியில் வேலை பார்த்த பீகார்ப் பையன்கள் பதின்மூன்று பேர் அன்று மாலையே காற்றாகப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

பாய் தைக்கும் வேலை கட்டிங் மாஸ்டர் பாண்டித்துரைக்கு வந்தது. மதுரைப் பக்கத்துக்காரர். "சிங்கிள் ஜெர்சியிலயே அடிச்சிருவோம் ஓனர். நம்ம பனியன் துணி மாதிரி வருமா? சும்மா காத்தோட்டமா இருக்கும்ல!"

நித்யஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, பாய்ல காத்து நிக்கோணுமுங்க. இதுல பூந்து அந்தப் பக்கம் போயிருமுங்க. இழுத்தா முழங்கால் வரைக்கும் தொங்குமுங்க."

"காத்து எங்க கண்ணு இருக்குது, பூந்து போறதுக்கு? நீ சும்மாரு."

சும்மா இருந்திருக்கலாம் அவரும். வேறு கம்பெனிக்காரன் பாய் தைத்து உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று விதி ஒன்றைத் தம் கைப்பட எழுதிச் சேர்த்தார். பாயானது நூற்றி எண்பது ஜிஎஸ்எம் கனமுள்ள சிங்கிள் ஜெர்சியால், கழகம் அங்கீகரித்த யூனிட்டில் தைக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும், தவறினால் தகுதி நீக்கம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இதுதான்.

ஊருக்கு மேற்கே செங்காட்டுக் குளம் பல வருசமாகக் காய்ந்து கிடந்தது. மகுடேஸ்வரன் பொக்லைன் விட்டுக் கருவேல முள்ளையெல்லாம் பிடுங்கினார். டிராலி உருளத் தரையைச் சமப்படுத்தினார். வண்டி கிடக்கிறதே, சும்மா எதற்கு நிற்க வேண்டுமென்று அடைந்துபோன வாய்க்காலையும் தூர்வாரிவிட்டார். குளத்து நுழைவாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் அவரும் திருமூர்த்தியும் ஆளுயரத்தில் கைகூப்பி, 'வருக! வருக!'

தேதி குறித்தது ஆடி மாதத்தில். மறுநாள் திங்கட்கிழமை, சென்னையிலிருக்கும் மாநிலக் கழகத்துக்குச் சர்டிபிகேட் அனுப்பக் கடைசி நாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கழகத்தில்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் போய்ப் பார்த்த காற்றுப் பிரதிநிதி ஒருவன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். "மாலிக்! பானி! பானி!" ஓனரே, தண்ணீராம்.

மேற்கே மலையில் இரண்டு நாளாக நல்ல மழை. நொய்யலில் வந்த வெள்ளம், தூர்வாரிய வாய்க்கால் வழியாகச் சுகமாக இறங்கிக் குளத்தை நிறைத்திருந்தது. ஊர்ச் சனம் பூவும் தேங்காய்ப் பழமுமாகக் கரையில் கூடிவிட்டது. காற்றென்றால் காற்று, வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. கழகத்தாருக்கோ எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "அனைவருக்கும் அன்பான அறிவிப்பு. குளத்தில் எதிர்பாராத விதமாகத் தண்ணீர் காணப்படுவதால், படகுப் போட்டி கரைமேல் உள்ள தார் ரோட்டில் நடைபெறும். வீரர்கள் யாரும் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம் எனக் கண்டிப்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

டிராலிகள் ரோட்டுக்கு ஏறின. பன்னிரண்டு பிள்ளைகள் படகில் உட்கார்ந்து செல்போன் பார்த்தார்கள். நித்யஸ்ரீ மட்டும் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, தண்ணிங்கப்பா."

"தெரியுது கண்ணு. போயி டிராலியில ஏறு."

அவள் ஏறவில்லை. படகை டிராலியிலிருந்து சரித்துத் தண்ணீரில் இறக்கினாள். பனியன் பாய் காற்றில் ஊதி, இழுபட்டு, நனைந்து, துவைத்துப் போட்ட லுங்கி மாதிரி தொங்கியது. அவிழ்த்துக் கரையில் வீசினாள். நேராக வாசலுக்குப் போய் ஃப்ளெக்ஸை அறுத்தாள், மடித்தாள், பாய்மரத்தில் கட்டினாள். ஆரஞ்சுக் கலர் மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். காற்று வந்து ஃப்ளெக்ஸில் மோதியது பாருங்கள், படகு பாய்ந்தது!

அடேங்கப்பா! தலைவரும் அலுவலரும் கன்னம் உப்ப, கைகூப்பியபடி நடுக்குளத்தில் பறந்தார்கள். சனம் விசிலடித்தது. அக்கரையைத் தொட்டாள், திருப்பினாள். இப்போது எதிர்க்காற்று. குறுக்கே போய், மறுபடி மறுகுறுக்கே வந்து, உடம்பையே வெளியே சாய்த்து, நெளிந்து நெளிந்து வந்தாள். ஒரு தரம் படகு கவிழப் பார்த்தது. மகுடேஸ்வரன் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அது நிமிர்ந்ததும் தலைவர் பதவியெல்லாம் மறந்து துண்டைச் சுழற்றினார். "உடாத கண்ணு! அப்பிடித்தான்! வா, வா!" கண்ணில் தண்ணீர் ஊற்றியது. காற்றால் வந்ததென்று பிறகு சொல்லிக்கொண்டார், நம்பாதீர்கள்.

கரையேறியவள் சொட்டச் சொட்ட நின்று கேட்டாள். "பாத்தீங்ளாப்பா?"

"பாத்தேன் அம்முணி. பாத்தேன்."

அதற்குள் திருமூர்த்தி விதிப்புத்தகத்தோடு வந்துவிட்டார். "தலைவரே, பாப்பாவைத் தகுதி நீக்கம் பண்ணோணுங்க. பாய் ஜெர்சி இல்லீங்களே. நீங்க எழுதுன விதிதானுங்க."

"சார், உண்மையா ஓட்டுனது எம் புள்ளை ஒருத்திதானுங்களே!"

"அதுதானுங்க சிக்கலே. பாப்பா ஓட்டுனது போட்டின்னா, மத்த பன்னண்டு பேரு பண்ணுனது என்னன்னு கேள்வி வரும். மத்தவங்க பண்ணுனது போட்டின்னா, பாப்பா ஓட்டுனது ஒழுங்கீனமுங்க. எது வேணுமின்னு நீங்களே சொல்லுங்க."

பின்னால் பன்னிரண்டு வீட்டு அப்பா அம்மாக்களும் நின்றார்கள். பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் தொழில். பொங்கியண்ணன் தோளில் கை போட்டார். "மாப்ள, ஒரு கொளந்தைக்காகப் பன்னண்டு கொளந்தைக வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதீங்க."

பேனாவை யாரோ கையில் திணித்தார்கள். மகுடேஸ்வரன் மகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தார் ரோட்டில் முதலில் வந்த நித்தீஷுக்குத் தங்க மெடல். அவனுடைய காற்றுக்கு ஒரு டீ.

நித்யஸ்ரீ அழவில்லை. பாய்மரத்திலிருந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்து, மடித்து அப்பா கையில் கொடுத்தாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வீட்டாரும் மொத்தமாகப் படியேறி வந்தார்கள். மாநிலக் கழகத்தில் யாரோ வேண்டாத வேலையாக, பிள்ளைகள் தண்ணீரில் படகோட்டும் வீடியோ கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று.

பொங்கியண்ணன் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "மாப்ள, நம்ம பாப்பாவுக்குத்தான் ஓட்டத் தெரியுது. தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கிட்டா மூஞ்சி தெரியாதுங்க. ஒவ்வொருத்தரு சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து வந்தாப் போதும். அடுத்தவங்க துணியைத் தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க்னு நெனச்சுக்குங்க."

மகுடேஸ்வரனுக்குக் காதெல்லாம் சிவந்தது. 'மானங்கெட்டவங்களா, எம் புள்ளையை வெளியே தள்ளிப்போட்டு, இப்ப அவளையே...' என்று ஒரு பிடி பிடிக்கத்தான் எழுந்தார். பக்கத்தில் நித்யஸ்ரீ கதவைப் பிடித்துக்கொண்டு, அப்பா வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

வாயைத் திறந்தார். இருபத்தைந்து வருசமாக ஆர்டர் எடுத்துப் பழகிய வாய், கோபத்தை முந்திக்கொண்டது.

"எத்தனை பீஸுங்க?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் மகள் நிற்பதைப் பார்த்தார்.